பிரெஞ்சு இலக்கணத் திருத்தியும் மொழிநியமத்தின் வர்க்கச் சார்பும்

பிரெஞ்சு மொழியில் எழுதுவோரின் வாக்கியங்களிற் பிழை காணும் கணினி மென்பொருளை வெறுந் தொழினுட்பச் சாதனமாகக் கருதுவதே பொதுவழக்கு. ஆயின் பிழை என்பது யாது, அதனைப் பிழையென விதித்தோர் யாவர் என வினவுமிடத்து, அச்சாதனத்தின் பின்னே நீண்டதொரு சமூக வரலாறு நிற்பதை நாம் காணலாம்.

பிரெஞ்சுக் கழகம் 1635இல் ரிஷலியுவின் முயற்சியால் நிறுவப்பட்டது. அரசதிகாரத்தை மையப்படுத்திய முடியாட்சிக்கு மொழியை மையப்படுத்துவதும் தேவையாயிருந்தது. 1647இல் வோஜ்லா என்பார், அரசவையினருள் மேம்பட்ட பகுதியினரின் பேச்சையே நல்வழக்கின் அடிப்படையாகக் கொண்டார். 1673இல் கழகத்துக்கென எழுத்துமுறைக் குறிப்புகளை வரைந்த மெஸெரே, கற்றோரைக் கல்லாதாரினின்றும் எளிய பெண்களினின்றும் பிரித்துக்காட்டும் பழைய எழுத்துமுறையையே கழகம் விரும்புவதாக எழுதினார். எழுத்துமுறை ஒரு வேலியாகவும் பயன்பட்டது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வேலி உறுதிபெற்றமைக்கு மொழியமைப்பிலும் காரணமுண்டு. பிரெஞ்சில் பன்மை, பெண்பால் விகுதிகள் பல எழுத்தில் உள, ஒலிப்பில் இல. பாடுதலைக் குறிக்கும் வினையின் இறந்தகால எச்சம் 'ஷான்தே' என ஒரே விதமாக ஒலிப்பினும், பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப நால்வகையாக எழுதப்படும். 'அவ்வார்' என்னும் துணைவினையோடு வருங்கால், செயப்படுபொருள் முன்னே நின்றால் எச்சம் அதனோடு இயையும். பின்னே நின்றால் இயையாது. காதால் அறியவியலாத இவ்விதியைக் கைவரப்பெற நீண்டகாலப் பள்ளிக்கல்வி வேண்டும்.

1881இலும் 1882இலும் இயற்றப்பட்ட ஃபெரியின் சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் அவ்வகுப்பறைகளிற் சொல்வதெழுதலின் பிழைக் கணக்கால் அளக்கப்பட்டனர். 1900 யூலையில் கல்வியமைச்சு இவ்வியைபு விதியைத் தளர்த்த முனைந்தது, கழகம் எதிர்த்தது. 1901 பெப்ரவரி ஆணையில், எச்சத்தைத் தொடர்ந்து மற்றோர் எச்சமோ வினையின் மூலவடிவமோ வருமிடத்து மட்டுமே பரீட்சைகளிற் சலுகை எஞ்சியது.

மொன்றியலில் 1996இல் வெளிவந்த 'ஆன்ரிடோட்' முதலான திருத்திகளுக்கு விதியெழுதிய கணினி மொழியியலாளர் இவ்வரலாற்றையே கையேற்றனர். சொற்களின் வகை, பால், எண் ஆகியவற்றை அகராதியிற் பெறுதல், ஒரே வடிவம் பெயராகவும் வினையாகவும் வருமிடத்துப் பொருத்தமானதைத் தெரிதல், எச்சத்துக்குரிய செயப்படுபொருளைத் தேடல், இயைபு குலைந்திருப்பின் எச்சரித்தல் என்பன அவர்தம் பணிகள். விதியை இறுக்கினாற் சரியான வாக்கியமும் பிழையெனப்படும். தளர்த்தினாற் பிழை தப்பிவிடும். எவ்வளவு இறுக்குவது என்பதை இலக்கண நூல் கூறுவதில்லை. பொய்யெச்சரிக்கையைச் சகியாத வாடிக்கையாளரை நம்பியிருக்கும் நிறுவனத்தின் நலனும் அதனைத் தீர்மானிக்கிறது.

அகராதியும் நடுநிலையானதன்று. 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் பழைய வடிவங்களையும் விலக்காமையால், எதனை முதன்மையாக ஏற்பது என்பதை மென்பொருளே தெரிவுசெய்ய வேண்டியதாயிற்று. தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவங்களைக் கியூபெக்கின் மொழி அலுவலகம் 1979இலேயே பரிந்துரைத்தது. கழகம் 2019இலேதான் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில், பெண்ணொருத்தி தன் தொழிலைப் பெண்பாலில் எழுதுவது பிழையா அன்றா என்னும் வினாவுக்கு அகராதி தொகுத்தோர் ஒவ்வொருவரும் விடையளிக்க வேண்டியிருந்தது.

இதனால் இக்கருவியை நிராகரித்தல் வேண்டும் என்பது நமது கருத்தன்று. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் தொழிலாளிக்கு, நீண்ட கல்வி வாய்த்தோர்க்கே உரியதாயிருந்த பிழையற்ற எழுத்தினை இது எட்டச்செய்கிறது. எனினும் வேலியைக் கடக்க ஏணி தருவதால் வேலி அகன்றுவிடுவதில்லை. அவ்வேணியும் பெரும்பாலும் விலைக்கே கிடைக்கிறது. 'கிராமலெக்ட்' போன்ற கட்டற்ற மென்பொருள்களில் விதிகளை எவரும் வாசிக்கலாம், மாற்றலாம். பெருந்தொகையான எழுத்துக்களிலிருந்து தாமே பயிலும் நரம்பு வலையமைப்புகளிலோ விதி எங்குள்ளது என்று சுட்டவும் இயலாது. மெஸெரே தம் நோக்கத்தை வெளிப்படையாக எழுதிவைத்தமையாலேயே பின்வந்தோரால் அதனை மறுக்க முடிந்தது. விதி கண்ணுக்குப் புலனாதல் வேண்டுமெனக் கோருவதே இன்று முற்போக்காளர் முன்னுள்ள முதற் கடமை.