கிளந்தானுக்குக் கடிதம் கொண்டு போன முன்ஷி

ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ மலாக்கா டவுனுக்கு வரும் தோட்டத்துச் சனங்கள் ஜாலான் முன்ஷி அப்துல்லா என்ற பலகையைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பள்ளிப் புத்தகத்தில் அவர் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை. அந்தத் தந்தை சின்ன வயதில் இரண்டரை ஆண்டு உட்கார்ந்து தமிழ் படித்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்றைய மலாக்கா வியாபாரத்தில் தமிழுக்கு இடம் இருந்தது. கணக்கு எழுத, பேரம் பேசத் தமிழ் வேண்டும். அதனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது முன்னோர் காலத்து வழக்கம் என்று அப்துல்லாவே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏமனிலிருந்து வந்த அவருடைய கொள்ளுத்தாத்தா நாகூரில் பெண்ணெடுத்தவர். தாத்தா மலாக்காவுக்குக் கப்பலேறினார். அப்பா அப்துல் காதிர் மனு எழுதிக் கொடுத்தும் மொழிபெயர்த்துச் சொல்லியும் பிழைத்தார். 1796இல் கம்போங் பாலியில் பிறந்த மகனுக்கு அந்தத் தொழில் வீட்டுச் சொத்தாகவே வந்தது.

மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அப்துல்லா பாடம் சொல்லப் போனார். அவர்களிடமே இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். 'முன்ஷி' பட்டம் அவர்கள் வைத்ததுதான். 1811 ஜாவாப் படையெடுப்புக்கு முன்பு ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது அவரிடம் எழுத்து வேலை. 1815இல் மில்ன் பாதிரியார் வந்ததும் அவருக்கு மலாய் சொல்லிக் கொடுத்து, பதிலுக்கு ஆங்கிலம் வாங்கிக்கொண்டார். அச்சுத் தொழிலை மெட்ஹர்ஸ்ட் பாதிரியாரிடம் கற்றார். சுவிசேஷ மொழிபெயர்ப்பில் தாம்சன் பாதிரியாரோடு ஓயாத சண்டை: "இது மலாய் நடை இல்லை" என்பார் இவர், விட்டுக்கொடுக்க மாட்டார் அவர். இந்த வேலைக்குக் கிடைத்த கூலி, ஊரார் வைத்த 'அப்துல்லா பாதிரி' என்ற கேலிப் பெயர். இரண்டு மொழிக்கு நடுவில் நிற்பவனை இரண்டு பக்கமும் சந்தேகிக்கும். நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துச் சொன்னவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1838க்கு வருவோம். கிளந்தானில் பட்டத்துக்குச் சண்டை. சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்குப் படகுகள் அங்கே மாட்டிக்கொண்டன. ஆளுநர் போன்ஹாம் கடிதம் கொடுத்து அனுப்பினார். கடிதத்தைக் கொண்டுபோய்ப் படித்து, பொருள் விளக்கி, பதில் வாங்கிவர ஆள் வேண்டும். போனவர் முன்ஷி. சமாதானத் தூது என்று பெரிதாகப் பேச வேண்டாம். மாட்டிக்கொண்ட சரக்கைக் காப்பாற்றத்தான் அந்தப் பயணம். சண்டையும் அன்றோடு நிற்கவில்லை. ஆனால் வழியெல்லாம் அந்த மனிதர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பகாங், திரங்கானு, கிளந்தான் என்று ஒவ்வோர் ஊரிலும் தெரு எப்படி இருக்கிறது, சனங்கள் எத்தனை ஆயுதம் சுமக்கிறார்கள், பிள்ளைகள் சொந்த மொழியைப் படிக்கிறார்களா, ராஜா குடிகளை எப்படி நடத்துகிறார் என்று குறித்துக்கொண்டார். அதே ஆண்டு பயண நூல் அச்சாயிற்று. ராஜாக்களைப் பற்றி நேருக்கு நேர் குறை சொல்லி மலாயில் அப்படி எழுதுவது அப்போது புதிது. வெள்ளைக்காரன் ஆட்சியை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்ற குற்றச்சாட்டு அவர் மேல் இன்றும் உண்டு. அது பொய்யில்லை. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய கை அது.

மலாயில் பத்திரிகைத் தொழில் பிறப்பதற்கு முன்னாலேயே நிருபர் வேலை பார்த்தவர் என்றுதான் நான் அவரைச் சொல்வேன். 1830இல் சிங்கப்பூரில் பெருந்தீ; அவர் உடைமையும் போயிற்று. அதைச் செய்யுளாக எழுதினார். 1847இல் கம்போங் கிளாம் எரிந்தபோது இன்னொன்று. சீன ரகசியச் சங்கத்தின் காட்டு முகாமுக்குக் கந்தல் உடுத்தி, பிச்சைக்காரர் வேடத்தில் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். இப்போது அலோர் காஜா வட்டாரத்தில் இருக்கும் நானிங்கில் 1831-32இல் நடந்த போரும் அவர் சுயசரிதையில் வருகிறது.

நமக்கு முக்கியமானது 1835. அந்த ஆண்டு அவர் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். அதே கதைகள் அரபு, பாரசீக வழியில் 'கலிலா-தமினா' கதையாக மலாயில் ஏற்கெனவே உண்டு. இருந்தும் தமிழ் வழியைப் பிடித்தார். நூலின் பெயரே 'பஞ்ச தந்தெரான்'. தந்திரம் மலாய் நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. கூட இருந்து பொருள் சொன்னவர் ஒரு தமிழர். மலாய் எழுத்தில் அவர் பெயர் 'தம்பி முத்து பீரபத்தர்' என்பதுபோல் வருகிறது. வீரபத்திரராக இருக்கலாம் என்பது என் ஊகம். ராஃபிள்ஸைப் பற்றி முன்ஷி பக்கம் பக்கமாக எழுதினார். இந்தத் தம்பிமுத்துவுக்குக் கிடைத்தது அவ்வளவு இடம் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கே மொழிபெயர்த்துச் சொன்னவர்; அவருக்கு எந்த ஊரிலும் தெருப் பலகை கிடையாது.

நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார் தூண்டியதன்பேரில் எழுதத் தொடங்கிய சுயசரிதை, 'ஹிகாயத் அப்துல்லா', 1843இல் முடிந்து 1849இல் அச்சேறியது. மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டதும், நம் முன்னோர் பால்வாளி தூக்கியதும் அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

1854இல் மக்காவுக்குக் கப்பலேறினார். அப்போதும் கையில் குறிப்பேடு. சிலோனைக் கடந்து, கன்னியாகுமரி முனையைச் சுற்றி, கொச்சி, கள்ளிக்கோட்டை என்று கரை கரையாக எழுதிக்கொண்டே போனார். கொள்ளுத்தாத்தா பெண்ணெடுத்த நாகூர் அந்த வழியில் இல்லை. அந்தப் பயணத்திலேயே இறந்தார். குறிப்பு பாதியில் நின்றது.