கொயினாக் கசப்பு

பெங்களூரு இந்திராநகரில் ஒரு காக்டெய்ல் பார். பெயர் வேண்டாம். லிஃப்ட்டில் ஏறி, புத்தக அலமாரி மாதிரி செய்திருக்கிற கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். புராஜெக்ட் ரிலீஸ் முடிந்த வெள்ளிக்கிழமை ராத்திரி. நானும் என் டீமில் இருக்கும் கூடலூர்க்கார நண்பனும் போயிருந்தோம்.

மெனு கார்டு ஒரு சிறுகதைத் தொகுப்பு போல இருந்தது. முதலில் வந்தது ரசம். ஆமாம், ரசம்தான். ரம், புளி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் பாலில் ஊற்றித் திரியவிட்டு, துணியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டியிருக்கிறார்கள். திரிந்த பால் நிறத்தையும் துவர்ப்பையும் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்குவது பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கண் தண்ணீர் என்கிறது, நாக்கு ரசம் என்கிறது. இந்த வித்தை புதிதில்லை, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பால் பஞ்ச் என்று இதையேதான் செய்தார்கள். தொட்டுக்கொள்ள, ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஊத்தப்பம், மேலே நண்டு. நன்றாகவே இருந்தது. நக்கலடிக்கத் தயாராகப் போனவன் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது கிளாஸில்தான் பிரச்சினை. ஜின், அங்கேயே காய்ச்சிய டானிக், மேலே மிதக்கும் ஒரு துண்டு சிவப்புப் பட்டை. மெனுவில் கதை இப்படிப் போனது: இந்தியக் காடுகளில் மலேரியாவோடு போராடிய பிரிட்டிஷ் அதிகாரிகள், கசப்பான குயினைனை விழுங்க முடியாமல் அதில் ஜின் கலந்தார்கள், அப்படிப் பிறந்ததுதான் ஜின் அண்ட் டானிக்.

நண்பன் ஒரு வாய் குடித்தான். "டேய், இது கொயினாடா" என்றான்.

கொயினா என்றால் குயினைன். நம் பாட்டிமார் காய்ச்சலுக்கு விழுங்கிய அதே மாத்திரை.

முதலில் அந்த மெனு கதையைக் கொஞ்சம் டீபக் செய்துவிடலாம். அமெரிக்க உணவு விதிப்படி ஒரு லிட்டர் டானிக்கில் அதிகபட்சம் 83 மில்லிகிராம் குயினைன் இருக்கலாம். ஒரு கிளாஸில் 150 மில்லி டானிக் என்றால் சுமார் 12 மில்லிகிராம். மலேரியா வந்த பெரியவருக்குக் குயினைன் கொடுப்பதானால் வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 600, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதாவது தினமும் 150 கிளாஸ். கூடவே 60 மில்லி ஜின் என்று போட்டால் ஒன்பது லிட்டர். மலேரியா போவதற்கு முன் ஆள் போய்விடுவான். அந்தக் காலத்து டானிக்கில் குயினைன் கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கும். சிப்பாய்கள் குயினைனைத் தூளாகத்தான் விழுங்கினார்கள். சாராயத்திலோ ஒயினிலோ கலந்து விழுங்கியதும் உண்டு. ஆனால் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858இல் காப்புரிமை வாங்கிய டானிக் தண்ணீர் செரிமானத்துக்கும் பொதுவான தெம்புக்கும் என்று விற்கப்பட்டது. 'ஜின் அண்ட் டானிக்' என்ற பேச்சு அச்சில் தென்படும் மிகப் பழைய இடங்களில் ஒன்று 1868ஆம் வருட விளையாட்டுப் பத்திரிகை ஒன்று. இடம் சியால்கோட், சந்தர்ப்பம் குதிரைப் பந்தயம். பந்தயம் பார்த்துவிட்டுத் தாகத்துக்குக் குடித்திருக்கிறார்கள். காட்டில் இல்லை.

பொய்க் கதைகள் இந்த மரத்துக்குப் புதிதும் இல்லை. பெருவின் வைஸ்ராய் மனைவி சின்சோன் சீமாட்டிக்கு இந்தப் பட்டையால் காய்ச்சல் குணமானது என்ற கதையை நம்பி, லின்னேயஸ் 1742இல் மரத்துக்கு அவர் பெயரை வைத்தார். வைக்கும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டார், சின்கோனா ஆகிவிட்டது. ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தால் சீமாட்டிக்கு அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. தப்பான கதை, அதிலும் எழுத்துப் பிழை. புரொடக்‌ஷனுக்குப் போய்விட்டது, இனி யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இதை மாற்றச் சொல்லிக் கடைசிவரை மல்லுக்கட்டியவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்தவரும் இவரே. 1820இல் பாரிஸில் பெல்லெட்டியரும் காவெந்துவும் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்த பிறகு அதன் தேவை எகிறியது. மரமோ ஆண்டிஸ் மலையில் மட்டும். பட்டாளத்தை வைத்துக்கொண்டு இந்தியாவை ஆள்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. 1859இல் மார்க்கம் கிளம்பினார். அவர் பெருவில் சேகரித்த செடிகள் பெரும்பாலும் வழியிலேயே செத்தன. எக்குவடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டைச் செடிகள் பிழைத்து 1861இல் ஊட்டி வந்து சேர்ந்தன. நட்ட இடங்கள் தொட்டபெட்டாவும் நடுவட்டமும்.

நடுவட்டம் ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் இருக்கிறது. என் நண்பனின் ஊருக்கு மேலே.

தோட்டத்தைக் கவனித்த மெக்கைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் நீளநீளமாக உரித்து, காயத்தின்மேல் பாசியை வைத்துக் கட்டிவிடுவது. புதுப் பட்டை வளரும், அதில் சத்தும் கூடுதல். உரிப்பதற்கும் கட்டுவதற்கும் ஆள் வேண்டுமே? அப்போது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதிச் சிறைகளில் இடம் போதாமல் சீனக் கைதிகளை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். (அதற்கு முன்பு இங்கிருந்து கைதிகளை அங்கே அனுப்பி சிங்கப்பூரின் சாலைகளைப் போட வைத்தார்கள். கைதிகள் மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்த கப்பல் போக்குவரத்து.) அந்தச் சீனர்களில் ஒரு பகுதி நடுவட்டத்தில் அடைக்கப்பட்டது. பகலில் சின்கோனாத் தோட்டம், இரவில் சிறை. அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

தண்டனை முடிந்த சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களோடு குடும்பம் அமைத்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே காய்கறி போட்டு, காபி வைத்து, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். 1890களில் மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அங்கே போனார். அந்தக் குடும்பத்து மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து அட்டவணை போட்டார். அளவுகள் அச்சில் இருக்கின்றன. அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள் என்பது இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பிரிட்டிஷ்காரர்கள் நட்டது சுமாரான மரம். சிவப்புப் பட்டையில் குயினைன் குறைவு. அதிகமுள்ள வகையின் விதைகளைப் பொலிவியாவிலிருந்து சேகரித்துக் கொடுத்தவர் மானுவல் இன்க்ரா மாமானி என்ற பூர்வகுடி. அவருடைய முதலாளி சார்ல்ஸ் லெட்ஜர் மூலம் அவை லண்டன் போயின. பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. 1865இல் டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். 1930களில் உலகக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. மாமானி பின்னர் விதை சேகரித்ததற்காகப் பிடிபட்டு, சிறையில் அடிபட்டு இறந்துபோனார். மெனு கார்டுகளில் இவர் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நீலகிரிக் கொயினா கடைசியில் ஏழைகளின் மருந்தாகவே நின்றது. பிறகு செயற்கை மருந்துகள் வந்தன, சின்கோனாவுக்கு விலை போனது, தேயிலை ஏறியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையின் மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, அதுதான் டான்டீ. நடுவட்டத்திலும் அதன் தோட்டம் உண்டு. நண்பனின் அம்மா பத்து வயதில் ராமானுஜம் கப்பலில் ஏறி, மண்டபம் முகாம் வழியாக அங்கே வந்து சேர்ந்தவர். அட்டைக்கடியும் குளிரும் பற்றி அவன் சொல்லியிருக்கிறான். சிறையைப் பற்றி அன்றைக்கு நான் சொல்லித்தான் முழுசாகக் கேட்டான். "சின்ன வயசுல அது முன்னாடிதாண்டா கிரிக்கெட் ஆடுவோம். பழைய குடோன்னு நெனச்சேன்."

பார்டெண்டரைக் கூப்பிட்டு, இந்தப் பட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டான்.

"இம்போர்ட்டட் சார்" என்றார் அந்தப் பையன் பெருமையாக.

நண்பன் சிரித்த சிரிப்பில் பக்கத்து டேபிள் திரும்பிப் பார்த்தது. பில் வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து, அவன் அம்மா தோட்டத்தில் ஒரு மாதம் வாங்கிய சம்பளத்துக்குப் பக்கமாக இருந்தது. அதை அவன்தான் சொன்னான், நான் கேட்கவில்லை. கிளாஸிலிருந்த பட்டைத் துண்டை டிஷ்யூவில் மடித்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனவன் போன் பண்ணினான். அம்மாவிடம் பட்டையைக் காட்டியிருக்கிறான். முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கா காசு குடுத்த? நம்ம லைனுக்குப் பின்னால ரெண்டு மரம் நிக்குதே. சரியா எரியாது, வெறும் புகை" என்றாராம்.