புள்ளி இல்லாத பொறிவண்டு

பொறிவண்டுன்னதும் டவுன்ல இருக்கிற உங்களுக்குச் சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளியும்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். அதனாலதான் ரெண்டு வருசம் முன்னாடி, கொய்யாத் தோப்புக்குக் காவலுக்கு வந்தவனையே மருந்தடிச்சுக் கொன்னேன்.

கொய்யாவுல மாவுப்பூச்சி. காய்க்காம்பெல்லாம் ஒரே வெள்ளை. நடுவுல இன்னும் பெரிசா, பஞ்சுத் திரி தொங்குற மாதிரி சில புழுக்கள். இதுதான் தாய்ப்பூச்சின்னு நெனச்சு, அது இருந்த கிளையாத் தேடி ரெண்டு தடவை அடிச்சேன். அடுத்த மாசம் மாவுப்பூச்சி முன்னைவிட அதிகம். பொறகு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பார்த்துட்டுச் சொன்னார், அந்தப் புழு மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டோட குட்டியாம்.

வண்டோட பேரு கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியேரி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1853-ல் பிரான்சுக்காரர் முல்சான் இதை வகைப்படுத்திப் பேர் வெச்சார். பேரோட பின்பாதி மான்ட்ரூசியே என்ற பாதிரியாருக்காக. அவர் பசிபிக் தீவுகளில் ஊழியம் பார்த்துக்கிட்டே பூச்சியும் செடியும் சேகரிச்சவர். பேர் வெக்கிறவங்க வண்டைப் பார்த்து வெக்கிறாங்க. தோட்டக்காரன் கண்ணுல முதல்ல படுறது புழுதான்!

1890-களின் தொடக்கத்தில் கோபெல் என்பவர் இதை ஆஸ்திரேலியாவுல இருந்து கலிபோர்னியாவுக்கு அனுப்பினார், அங்கே ஆரஞ்சுத் தோட்டத்து மாவுப்பூச்சிக்காக. 1898-ல் நம்ம தென்னிந்தியாவுக்கு வந்தது. வரவழைச்சது காப்பிச் செடியோட பச்சைச் செதில்பூச்சிக்கு. அந்த வேலை இதுக்குச் சரிப்படலை. ஆனா மாவுப்பூச்சியைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே தங்கிருச்சு, கூலிக்கு வந்த ஊர்ல காணி வாங்கினவன் மாதிரி.

வளர்ந்த வண்டு 4 மில்லிமீட்டர் இருக்கும். முதுகு கறுப்பு, தலையும் கழுத்தும் வால்நுனியும் செங்கல் நிறம். புள்ளி ஒண்ணுகூடக் கிடையாது. முன்னங்கால் பழுப்பா இருந்தா ஆண், கறுப்பா இருந்தா பொண்ணு. புழுதான் ஆளை ஏமாத்தும். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு, 13 மில்லிமீட்டர் வரை நீளும். இப்ப எதுவா இருந்தாலும் முதல்ல ஈர்க்குச்சியால தொட்டுப் பார்க்கிறேன். மாவுப்பூச்சி அசையச் சோம்பும், இது விறுவிறுன்னு ஓடும்.

போன வாரம் ஒரு கிளையில மூணு ஓடுச்சு. கலக்கி வெச்சிருந்த மருந்து டேங்க்கை அப்படியே ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்.