வெள்ளைக் காட்லியா

மத்திய, தென் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் மரங்களையும் பாறைகளையும் பற்றி வளரும் ஆர்க்கிட் பேரினம் காட்லியா. வெனிசுவேலாவின் தேசிய மலர் காட்லியா மோசியே. கொலம்பியாவின் தேசிய மலர் காட்லியா ட்ரையானே. பெரிய பூக்கள் கொண்ட இந்த இனங்கள் இயல்பில் இளஞ்சிவப்பு, ஊதா நிறங்களில் பூப்பவை. அவற்றினிடையே மிக அரிதாகத் தலைகாட்டும் தூய வெண்பூச் செடிகளைத் தேடி, சரிபார்த்து, பெயரிட்டு, பதியன் பிரித்துப் பாதுகாக்கும் மரபு 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் தொடங்கியது. இன்று அது பிரேசில், ஜப்பான், அமெரிக்கா எனப் பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது.

எது வெள்ளை?

பூவுக்குச் சிவப்பும் ஊதாவும் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அது அறவே உருவாகாத செடியே 'ஆல்பா'. புறவிதழ், அல்லியிதழ், உதட்டிதழ் மூன்றும் வெள்ளையாக இருக்க, உதட்டிதழின் தொண்டையில் மட்டும் மஞ்சள் தங்கும். மஞ்சளைத் தருவது வேறொரு நிறமி என்பதால் அது அழிவதில்லை. இதழ்கள் வெளுத்து, உதட்டிதழ் மட்டும் ஊதாவாக இருந்தால் 'செமி-ஆல்பா'. வெள்ளைபோல் தோன்றி, உற்றுப் பார்த்தால் ரோஜாச் சாயல் தெரிவது 'ஆல்பெசன்ஸ்'. இதைத்தான் ஆல்பா என்று சொல்லி அதிகம் விற்கிறார்கள்.

பூக்காத செடியிலும் ஓரளவு அடையாளம் காணலாம். சாதாரணக் காட்லியாவின் புதுத்தளிரிலும் மொட்டைப் பொதியும் உறையிலும் செம்மை படர்ந்திருக்கும். நல்ல வெயில் பட்டால் இலையில் சிவப்புப் புள்ளிகள் எழும். ஆல்பாவின் தளிரும் உறையும் வேர்நுனியும் பெரும்பாலும் வெறும் பச்சையாகவே இருக்கும். அனுபவமுள்ளவர்கள் நாற்றுத் தட்டிலேயே இதைக் கவனித்துவிடுவார்கள்.

வெண்மை பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அதன் காரணம் ஒன்றல்ல. இரண்டு வெள்ளைக் காட்லியாக்களைச் சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் ஊதாவாகப் பூத்த அனுபவம் பழைய வளர்ப்பாளர்களைத் திகைக்க வைத்தது. மெண்டலின் விதிகளை ஆர்க்கிடுகளில் பொருத்திப் பார்த்த ஆங்கிலேயர் சார்ல்ஸ் சேம்பர்லேன் ஹர்ஸ்ட், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு விடை தந்தார். நிறம் உண்டாக இரண்டு மரபுக்காரணிகள் சேர்ந்து இயங்க வேண்டும். ஒன்று பழுதானாலும் பூ வெளுத்துவிடும். ஒரு செடியில் முதல் காரணியும் மற்றதில் இரண்டாவதும் பழுதென்றால், குழந்தைச் செடி இரு பக்கத்திலிருந்தும் நல்ல காரணியைப் பெற்று ஊதாவாகப் பூக்கும். எனவே தேர்ந்த சேகரிப்பாளர் பூவை மட்டும் பார்த்து நிறைவடைவதில்லை. அந்தச் செடி எந்த வெள்ளையோடு சேர்ந்து வெள்ளையே பெற்றது என்று வம்சம் கேட்பார். அந்த விவரம் இல்லாத செடி, எவ்வளவு அழகாகப் பூத்தாலும், இனப்பெருக்கத்துக்கு அரைமதிப்புத்தான்.

தேடிய காலம்

பிரேசிலின் பெர்னம்புகோவிலிருந்து வில்லியம் ஸ்வெயின்சன் அனுப்பிய செடி, இங்கிலாந்தின் பார்னெட்டில் வில்லியம் காட்லியின் வீட்டில் பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1821இல் காட்லியின் பெயராலேயே பேரினத்தை நிறுவி, அச்செடியைக் காட்லியா லேபியாட்டா என்றார். வேறு செடிகளைப் பொதிகட்டும் சருகாக அது கப்பலேறியது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைக்கு ஆதாரமில்லை. பிறகு அது எங்கே விளைகிறது என்பதே மறந்துபோய், 1890 வாக்கில்தான் மீண்டும் பெருமளவில் ஐரோப்பா வந்தது.

இடைக்காலத்தில் லேபியாட்டாவைக் கண்டதாக நம்பியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஜார்ஜ் கார்ட்னர். ரியோ டி ஜெனீரோ அருகே காவேயா பாறையில் அவர் பார்த்தது உண்மையில் வேறோர் இனம், இன்றைய காட்லியா லோபாட்டா. ஆனால் சாவோ ஃபிரான்சிஸ்கோ ஆற்றுப் பக்கம் அவர் கண்டெடுத்த சிறிய செடி நிலைத்த புகழ் பெற்றது. தம்மோடு அலைந்த உதவியாளர் எட்வர்ட் வாக்கரின் நினைவாக அதற்குக் காட்லியா வாக்கரியானா என்று பெயர் வைத்து 1843இல் வெளியிட்டார். மறு ஆண்டு இலங்கை சென்று பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்பேற்ற கார்ட்னர், 1849இல் நுவரெலியாவில் காலமானார்.

வேட்டையின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். ஆர்க்கிட் வேட்டைக்காரர் ஆல்பர்ட் மில்லிகன் 1891இல் வெளியிட்ட பயண நூலில், கொலம்பியாவில் ஓடோண்டோகுளோசம் என்ற ஆர்க்கிடுக்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிச் சாய்த்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். காட்லியா விளைந்த மலைகளும் இதே முறையில் சூறையாடப்பட்டன. பூக்காத காலத்தில் பறித்த மூட்டைகளில் வெள்ளை இருக்கிறதா என்பது ஐரோப்பாவில் மொட்டவிழும்போதுதான் தெரியும். காரகாஸ் பக்கத்தில் கிடைத்த மோசியேயின் வெள்ளை வடிவம் முதலில் தனி இனமாகவே கருதப்பட்டது. 'வாகனெரி' என்ற அந்தப் பெயர் வணிகத்தில் இன்றும் வழங்குகிறது.

வாக்கரியானா ஆல்பா

பிரேசில்காரர்களின் தனிப் பிரியம் வாக்கரியானாமீது. ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கும் செடி, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய, மணமுள்ள பூ. வழக்கமான காட்லியாவில் இலை தாங்கிய குமிழின் உச்சியில் பூ வரும். இதிலோ அடியிலிருந்து கிளம்பும் இலையற்ற தனித்தளிரில் வரும். உதட்டிதழின் பக்கமடல்கள் நடுத்தூணை மூடாமல் திறந்து நிற்பதால், அகன்ற தூண் வெளியே தெரியும். இவ்விரண்டும் இனத்தூய்மையை அறியச் சேகரிப்பாளர் செய்யும் முதல் சோதனைகள்.

உலகெங்கும் பரவி விருதும் பெற்ற 'பெண்டெண்டிவ்' என்ற வெள்ளைச் செடியைப் பற்றிய நெடிய சர்ச்சையும் இந்தச் சோதனைகளில்தான் பிறந்தது. அது தூய வாக்கரியானா அல்ல, லோடிஜெசி இனத்தின் கலப்பு கொண்டது என்று அனுபவமிக்க வளர்ப்பாளர் பலர் கருதுகிறார்கள். அதன் வழியில் வந்த நாற்றுகள் எண்ணற்றவை. அவை எல்லாம் தூய இனம் என்ற சீட்டோடு விற்கப்பட்டதுதான் உண்மையான இழப்பு. அழகான கலப்பினம் குற்றமல்ல, தவறான சீட்டு குற்றம்.

பெருக்கமும் காப்பும்

தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை; இயற்கையில் பூஞ்சையின் துணையோடுதான் அது முளைக்கும். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் முளைக்க வைக்கும் வழியை லூயிஸ் நட்சன் 1922இல் வெளியிட்டார். 1960இல் ஜார்ஜ் மோரெல், ஆர்க்கிடின் குருத்துத் திசுவிலிருந்து ஒரே செடியைப் பலவாக்கும் வழியைக் காட்டினார். செல்வந்தர் வீட்டில் ஒற்றைச் செடியாக இருந்தவை சந்தைக்கு வந்தன. அதற்கு முன்பே விதைவழிக் கலப்பும் பலன் தந்திருந்தது: வெள்ளை மோசியேயும் காஸ்கெல்லியானா இனத்தின் வெள்ளை வடிவமும் சேர்ந்த 'சூசன் ஹை' போன்ற கலப்புகளின் வழிவந்ததே, 1945இல் பதிவான 'போ பெல்ஸ்'. அமெரிக்கத் திருமணங்களில் மணப்பெண் ஏந்தும் வெள்ளை ஆர்க்கிட் இந்த வம்சத்தால் பரவலாயிற்று.

பழம்பெரும் செடிகளின் முதல் எதிரி வைரஸ். சிம்பிடியம் மொசைக் வைரஸ் தாக்கிய வெள்ளைப் பூ முதலில் குறையின்றி விரியும். சில நாளில் இதழில் பழுப்புக் கோடுகள் ஓடும். ஊதாப் பூவில் கண்ணுக்குத் தப்புவது வெள்ளையில் தப்பாது. வெட்டும் கத்தி வழியே நோய் பரவுவதால், ஒவ்வொரு செடிக்கும் அலகைத் தீயில் காட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பிரிக்கும்போது ஒரு துண்டுக்கு மூன்று நான்கு குமிழ்களாவது விட வேண்டும். இரண்டோடு விட்டால் மறுபடி பூக்க ஆண்டுகள் ஆகும். வாக்கரியானா ஈரம் தேங்கும் தொட்டியில் அழுகும் என்பதால், பலர் மரத்துண்டில் கட்டியே வளர்க்கிறார்கள்.

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியல்களில் அடங்கும். வளர்ந்த செடி எல்லை கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். பெரும்பாலான காட்லியா இனங்கள் உள்ள இரண்டாம் பட்டியலில், நுண்ணுயிர் நீக்கிய குடுவைக்குள் முளைத்த நாற்றுகளுக்கு விலக்கு உண்டு. நாடு விட்டு நாடு செல்லும் வெள்ளைக் காட்லியாக்கள் பல இப்படிக் குடுவையில்தான் பயணிக்கின்றன. அவை முதற்பூ தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.