பாஞ்சாலி கேட்ட கேள்வி

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கூத்து வரலாறு என்றால் அடவையும் பாட்டையும் எழுதுகிறார்கள். ஆடியவனை ஊர் எங்கே நிறுத்தியது என்பதை எழுதுவதில்லை. நான் சேரி ஜமாவில் பெண்வேஷம் கட்டுகிறவன். கருமாதி வீடுகளில் விடியவிடிய கர்ண மோட்சம் ஆடுவோம். ஊர்த் திரௌபதியம்மன் கோயிலுக்குள் மட்டும் எங்களுக்கு வழி கிடையாது.

எங்க தொழில்ல கஷ்டமான இடம் துகில். அழுதுட்டா போதும்னு நெனைக்கிறவன் நடிகன் இல்ல. பாஞ்சாலி சபையில் நியாயம் கேட்கிறாள்: தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? தர்மம் சூட்சுமமானது என்று பீஷ்மர் நழுவுகிறார். அதனால் அந்த இடத்தில் நான் அழுவதில்லை. சபையைப் பார்த்துக் கேட்பேன்.

விழுப்புரத்தை ஒட்டிய மேல்பாதியிலும் இதே கதைதான். 2023 ஏப்ரலில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில், சட்டம் ஒழுங்கு என்று சொல்லிக் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். கேள்விக்குப் பதில் இல்லை, சபைக்குப் பூட்டு. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு நம்ம சனங்க உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

சினிமா வந்து கூத்து அழியுதுன்னு பலரும் கவலைப்படுறாங்க. கூத்தைக் காப்பாத்த வர்றவங்க மொதல்ல ஒண்ணைச் சொல்லட்டும்: பாஞ்சாலி வேஷம் கட்டுறவனுக்குப் பாஞ்சாலி கோயில் தொறக்குமா, தொறக்காதா?