கருப்பை உள்ளொட்டு

கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் உட்புறத்தில் தழும்புத் திசுவால் ஒட்டிக்கொள்வது கருப்பை உள்ளொட்டு எனப்படும். ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் ஃபிரிட்ஷ் 1894-இல் இதை முதலில் பதிவு செய்தார். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக விளக்கியதால் ‘ஆஷர்மன் நோய்’ என்ற பெயர் நிலைத்தது. குழந்தையின்மைக்கான அரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

காரணம்

கருப்பை உட்படலத்தின் மேலடுக்கு மாதவிலக்கில் உதிர்ந்து, அடியடுக்கிலிருந்து மீண்டும் வளரும். கருச்சிதைவுக்கோ பேற்றுக்கோ பின் தங்கிவிட்ட நஞ்சுத் துணுக்குகளைச் சுரண்டி எடுக்கையில் (மக்கள் வழக்கில் ‘டி அண்ட் சி’, ‘கிளீன் பண்ணுவது’) அடியடுக்கு சிதைந்தால், அவ்விடத்தில் தழும்பு உண்டாகும். இந்தியாவில் காசநோயும் முக்கியக் காரணம். நுரையீரலிலிருந்து இரத்தம் வழியாகக் கருக்குழாய்க்கும் கருப்பைக்கும் கிருமி பரவுகிறது. இருமல் இல்லாமலும் இது நேரலாம்.

அறிகுறி

மாதவிலக்கு குறைவதும் நின்றுபோவதும் தலையாய அறிகுறிகள். கருப்பை வாய் அடைபட்டால் உதிரப்போக்கின்றி மாதந்தோறும் அடிவயிறு வலிக்கும். ஹார்மோன் சோதனை சீராகவே இருக்கும். கருத்தரிக்காமை, அடுத்தடுத்த கருச்சிதைவு ஆகியவையும் நேரும்.

கண்டறிதல்

கருப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, ஒட்டுள்ள இடங்களை நிரம்பாத வெற்றிடங்களாகக் காட்டும். ஹிஸ்டரோஸ்கோப்பி என்னும் உள்நோக்கி வழியே நேரில் பார்ப்பதே உறுதியான சோதனை. காசநோய் ஐயம் இருந்தால் உட்படலத் துணுக்கை எடுத்துத் திசு ஆய்வு, கிருமி வளர்ப்பு, சிபிநாட் என்னும் மரபணுச் சோதனை ஆகியவை செய்யப்படும்.

சிகிச்சை

உள்நோக்கி வழியே நுண்கத்தரியால் ஒட்டுகள் பிரிக்கப்படும். சுவர்கள் மீண்டும் ஒட்டாதிருக்கச் சில நாட்கள் பலூன் வைப்பதும், உட்படலம் வளர ஈஸ்ட்ரோஜன் தருவதும் வழக்கம். காசநோயாயின் முதலில் ஆறு மாதக் கூட்டுமருந்து. அரசு இதை இலவசமாக வழங்குகிறது. ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. லேசான ஒட்டுகளில் பலன் நன்று. காசநோயால் அடியடுக்கே அழிந்திருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிகிச்சைக்குப் பின் கருவுற்றவர்களுக்கு நஞ்சு கருப்பைச் சுவரில் ஆழப் பதியும் ஆபத்து உண்டு என்பதால், இரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில்தான் பேறு பார்க்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில்

இம்மாவட்டத்தில் மருத்துவம் நாடுவோர்க்குக் கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை உள்ளது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. வடக்கே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது.

தடுப்பு

கூர்கருவியால் சுரண்டுவதற்கு மாற்றாக மாத்திரையோ உறிஞ்சுமுறையோ பொருந்துமிடத்தில் அதையே தேர்வது அடியடுக்கைக் காக்கும். ‘கிளீன்’ செய்தபின் மாதவிலக்கு குறைந்தால் அதை ‘உடம்பில் இரத்தமில்லை’ என்று தள்ளிவிடக் கூடாது. ஒட்டு இறுகுமுன் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, முன்பு செய்த சிகிச்சையை மறைக்காமல் சொல்ல வேண்டும்.