அவரைக்கொடிக்குக் கட்டிய நூல்

வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் இந்த இணைப்பில் பலர் இருப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கவிதையை அல்ல. அதை எழுதியவரின் தங்கை டோரதி, 1800ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு சின்ன வீட்டின் தோட்டத்தில் செய்த வேலையை. முள்ளங்கி, பட்டாணி, அவரை. இலக்கியக் கூட்டத்தில் பேச இதெல்லாம் ஒரு பொருளா என்று கேட்கலாம். டோரதியின் நாட்குறிப்பைப் பதிப்பித்தவருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இடம், வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள கிராஸ்மியர். 1799 டிசம்பர் 20 அன்று அண்ணனும் தங்கையும் அங்கே ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். முன்பு அது ஒரு சத்திரமாக இருந்தது. இன்று டவ் காட்டேஜ் என்கிறோம். அது பிற்காலத்தில் வந்த பெயர். டோரதிக்கு ஆறு வயதில் தாய் இறந்தார். அதன் பிறகு உறவினர் வீடுகளில்தான் வளர்ந்தார். தந்தை இறந்தபோது, அவருக்கு வரவேண்டிய பெருந்தொகையை அவரது முதலாளியான லான்ஸ்டேல் பிரபு கொடுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு வழி பிறந்தது 1802இல் பிரபு இறந்த பிறகுதான். நண்பர் ஒருவர் உயிலில் எழுதிவைத்த தொகைதான் வில்லியமுக்கு முக்கிய ஆதாரம். பிறர் வீட்டு மேசையில் சாப்பிட்டு வளர்ந்த ஒருத்திக்குச் சொந்தமாகக் கொத்துவதற்கு ஒரு துண்டு மண் கிடைத்தால் அவள் என்ன செய்வாள்? இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த நாட்குறிப்பைப் படிக்க வேண்டும்.

மே 14 அன்று வில்லியமும் இன்னொரு சகோதரர் ஜானும் யார்க்‌ஷயருக்குப் புறப்பட்டார்கள். டோரதி கொஞ்சதூரம் கூடப்போய் வழியனுப்பிவிட்டு, ஏரிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதார். அன்றே நாட்குறிப்பைத் தொடங்கினார். அண்ணன் திரும்பி வந்து படித்தால் மகிழ்வார் என்பது ஒரு காரணம்.

அடுத்த மூன்றரை வாரங்கள் அவர் சும்மா இருக்கவில்லை. முள்ளங்கியைப் பிடுங்கி நட்டார், களை எடுத்தார், அவரை போட்டார். கூடையோடு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் போய்ப் பாசியும் காட்டுச்செடிகளும் கொண்டுவந்தார். அக்கம்பக்கத்தாரிடம் செடி வாங்கினார். ஒருநாள் பார்வையற்ற ஒருவரின் வீட்டில் கிடைத்த செடிகள் அவ்வளவு கனம். கூடையை வழியிலேயே வைத்துவிட்டு வந்து, வேலைக்கார அம்மாள் மாலியை அனுப்பி எடுத்துவரச் சொன்னார். இன்று காசு கொடுத்து நர்சரியில் வாங்குகிறோம். அந்தத் தோட்டமோ பெரும்பாலும் காட்டிலிருந்தும் பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்தது. செடிகளின் பெயர் தெரியாமல் தவித்து, தாவரவியல் நூல் ஒன்று கையில் இல்லையே என்று எழுதுகிறார். பிறகு விதரிங்கின் நூலை வாங்கினார்கள்.

இந்த நாட்குறிப்பில் எனக்குப் பிடித்தது, வேலையும் இன்பமும் தனித்தனியாக இல்லாதது. பட்டாணிக்குக் குச்சி நட்டதும், ஏரியில் படகு விட்டதும், துணி உலர்த்தியதும், நிலவைப் பார்த்து நின்றதும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வருகின்றன. எது கடமை, எது ஓய்வு என்று அவர் பிரித்துச் சொல்வதே இல்லை.

ஜூன் 7 இரவு பதினொரு மணியளவில் வில்லியம் திரும்பினார். இருவரும் விடிகாலை நான்குவரை தூங்கவில்லை. அந்தப் பருவத்தில் அங்கே அதற்குள் வெளிச்சம் வந்துவிடும். தான் செய்துவைத்திருந்த மாற்றங்களை அந்த வெளிச்சத்தில் அண்ணன் பார்த்துவிட்டார் என்பதில் தங்கைக்கு மகிழ்ச்சி.

செப்டம்பரில் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் வீட்டை வர்ணிக்கிறார். முன்சுவரில் நூல் கட்டி ஏற்றிவிட்ட அவரைக்கொடிகள் சிவப்பாகப் பூத்திருக்கின்றன. அழகுக்கு அழகு, காயும் ஏராளம் என்கிறார். கனடாவிலும் லண்டனிலும் கோடை வந்தால் வேலியில் புடலைக்கும் பாகலுக்கும் கயிறு கட்டுகிறவர்களுக்கு இந்தப் பெருமை புரியும். ஆனால் அன்று அது பெருமை மட்டும் அல்ல. 1799இல் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்தது, 1800இல் கோதுமை விலை ஏறிக்கொண்டே போனது. மாலிக்குக் கூலி வாரம் 2 ஷில்லிங். சில நாள் சாப்பாடும் உண்டு. அவரைக்காய்க்கு அந்த வீட்டுக் கணக்கில் ஓர் இடம் இருந்தது.

தோட்டத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதும் அதே பக்கங்களில் இருக்கிறது. வீட்டு வாசலுக்குப் பிச்சை கேட்டு வந்தவர்கள் பலரை டோரதி குறித்துவைக்கிறார். மே 18 அன்று, மாலியின் சகோதரர் ஜான் ஃபிஷர் வழியில் அவருடன் பேசிக்கொண்டு வருகிறார். சிறுநிலக்காரர்கள் நிலத்தை விற்கவேண்டி வருகிறது, எல்லாம் ஒரே கைக்குப் போகிறது, இனிப் பெரும் பணக்காரர், பரம ஏழை என்று இரண்டே வகைதான் இருக்கும் என்கிறார் அவர். அந்த வருடக் கடைசியில் வில்லியம் ‘மைக்கேல்’ எழுதினார். தலைமுறை தலைமுறையாக வந்த நிலம் கைவிட்டுப் போகும் ஓர் இடையனின் கதை அது. 1801 ஜனவரியில் அரசியல் தலைவர் ஃபாக்ஸுக்கு அந்தக் கவிதைத் தொகுப்பை அனுப்பியபோது, சிறுநிலக்காரர் அழிந்துவருவதைச் சொல்லி ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். பக்கத்து வீட்டு உழவர் தோட்டக்காரியிடம் சொன்னதும், கவிஞர் தலைவருக்கு எழுதியதும் ஒரே விஷயம். முன்னதைக் காதால் கேட்டு எழுதிவைத்தவர் டோரதி. அந்தத் தொகுப்பு ‘லிரிக்கல் பாலட்ஸ்’ நூலின் இரண்டாம் பதிப்பு. அதற்கான கவிதைகளை அந்தக் கோடையில் அச்சகத்துக்குப் படியெடுத்துக் கொடுத்த கைகளில், பட்டாணி பறித்த அவருடைய கையும் ஒன்று.

இப்போது பதிப்பாசிரியரிடம் வருகிறேன். 1897இல் வில்லியம் நைட் இந்த நாட்குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். அண்ணனின் சட்டையைத் தைத்தது, சுள்ளி பொறுக்கியது, முட்டை தேடப் போனது போன்றவற்றை எல்லாம் அச்சிட அவசியமில்லை என்று முன்னுரையில் சொல்லிப் பல குறிப்புகளை நீக்கினார். கெட்ட எண்ணம் இல்லை. கவிஞரின் வாழ்க்கைக்கு ஆதாரம் தேடினார், அவ்வளவுதான். ஆனால் களை எடுத்ததை நீக்கிவிட்டு மலர்களை மட்டும் வைத்தால் வாசகருக்கு என்ன கிடைக்கும்? ஏரிக்கரையில் உலாவிக்கொண்டு இயற்கையை ரசித்த ஓர் உணர்ச்சிமயமான தங்கை. அந்தச் சித்திரம் வெகுகாலம் நிலைத்தது. 1941இல் டி செலின்கோர்ட் விரிவான பதிப்பைக் கொண்டுவந்த பிறகுதான் கொத்திய மண்ணும் பக்கங்களுக்குத் திரும்பியது.

குடும்பம் பெருத்ததால் 1808இல் அந்த வீட்டைக் காலி செய்தார்கள். அடுத்து குடிவந்தவர் எழுத்தாளர் டி குவின்சி, அவர்களுடைய நண்பர். 1811இல் அவர் பழத்தோட்டத்தைச் சுற்றி இருந்த வேலிமரங்களை வெட்டினார். அவர்கள் பாசி வைத்துக் கட்டியிருந்த குடிலும் போனது. வாடகைக்கு இருப்பவர் தன் வசதிக்குச் செய்ததுதான். டோரதிக்கு அப்போது அந்த மண்ணில் எந்த உரிமையும் கிடையாது. ஆனாலும் அவர் கொண்ட கோபம் லேசில் ஆறவில்லை.